சர்வர் டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது? ஒரே பார்ட்டிஷன் முதல் இசட்எஃப்எஸ் வரை

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பட்டறை நடத்தும் குடும்பத்துத் தம்பி ஒருவர் போன வருடம் ஒருநாள் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டார். "அண்ணா, சர்வருக்கு டெபியன் போட்டுட்டு இருக்கேன். டிஸ்க் பிரிக்கிற இடத்துல வந்து நிக்குதுங்க. மூணு வழி காட்டுது. என்ன குடுக்கட்டும்?"

டெபியன் லினக்ஸ் வகைகளில் ஒன்று. டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, வெட்ட அது காட்டும் அந்த மூன்று வழியும் பலருக்குத் தெரிந்தவைதான்: எல்லாம் ஒரே பார்ட்டிஷனில், /ஹோம் மட்டும் தனியாக, இல்லையென்றால் /ஹோம், /வார், /டெம்ப் மூன்றும் தனித்தனியாக. (/ஹோம் பயனாளர்களின் ஃபைல்களுக்கு, /வார் லாக், டேட்டாபேஸ் மாதிரி வளரும் தரவுக்கு, /டெம்ப் தற்காலிக ஃபைல்களுக்கு.) சேகோ மில்லில் கணக்குப் பார்ப்பவர், இளம்பிள்ளையில் ஆன்லைனில் சேலை விற்பவர், ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகம் என்று சேலத்தைச் சுற்றி எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் இதே திரையில்தான் நின்றிருக்கிறார்கள். பாதிப் பேர் எதுவும் புரியாமல் என்டர் தட்டிவிட்டு, ஒன்றரை வருடம் கழித்துக் கூப்பிடுவார்கள். இந்தத் தம்பி முன்னாலேயே கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும்.

எது நிரம்பும், அது நிரம்பினால் எது நிற்கக் கூடாது? வயலுக்கு வரப்பு கட்டுவது மாதிரிதான் பார்ட்டிஷன். ஒரு பாத்தியில் தண்ணீர் ஏறினால் பக்கத்துப் பாத்திப் பயிர் அழுகக் கூடாது. லாக் ஃபைல், அதாவது சர்வரின் நாட்குறிப்பு, வீங்கியதற்காக டேட்டாபேஸ் சாகக் கூடாது.

போட்ட கணக்கு தப்பென்றால் திருத்த முடியுமா? இன்றைக்கு 20 ஜிபி போதும் என்று தோன்றுவது அடுத்த தீபாவளிக்குப் போதாது. அப்போது சர்வரை நிறுத்தாமல் பெரிதாக்க முடியுமா, அதிகமாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

கரண்ட் பட்டென்று போனால் என்ன ஆகும்? யுபிஎஸ் இருக்கிறது என்பீர்கள். அதன் பேட்டரியை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கெட்டால் யார் போய்ப் பார்ப்பது, எவ்வளவு தூரம்? இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் அலுவலக சர்வருக்கு பேக்கப் எடுக்க ஒரு யுஎஸ்பி டிஸ்க்கை மாட்டி, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தேன். சித்திரை மழையில் இடி இடித்துக் கரண்ட் போனது, திரும்பி வந்தது. சர்வர் எழுந்தது, யுஎஸ்பி டிஸ்க் எழவில்லை. சர்வரைக் கிளப்பும் புரோகிராமான சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது. அந்த நிலையில் நெட்வொர்க் கிடையாது, வெளியிலிருந்து நுழைய வழியே இல்லை. "ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல என்னமோ பாஸ்வேர்டு கேக்குதுங்க சார்" என்றார் எஸ்டேட் ரைட்டர். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், அந்த வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் வராவிட்டாலும் மேலே போ) என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு இறங்கினேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த வாரம் இது நடந்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது.

வேகத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில், எஸ்எஸ்டி டிஸ்க்கில், ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் முறையான ஃபைல் சிஸ்டத்துக்கு ஃபைல் சிஸ்டம் வரும் வேக வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது.

பார்ட்டிஷன் டேபிள், அதாவது எந்தப் பகுதி எங்கே என்ற பட்டியல், பழைய எம்பிஆரா புதிய ஜிபிடியா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். ஜிபிடி. எம்பிஆரில் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது, முதன்மைப் பார்ட்டிஷனும் நான்குதான். அதில் யோசிக்க வேறொன்றும் இல்லை.

## ஒரே பார்ட்டிஷன்

சுலபம். எங்கே எவ்வளவு என்று மண்டையை உடைக்க வேண்டாம், ஒரு பக்கம் இடம் சும்மா கிடக்க மறுபக்கம் மூச்சு முட்டுவது என்பதும் கிடையாது. இதற்கு முழுப் பொருத்தமான இடம் கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சின்ன விர்ச்சுவல் மெஷின். அங்கே டிஸ்க்கை வெளியிலிருந்தே பெரிதாக்கலாம். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசியில் இருந்தால் இரண்டு கட்டளையில் புது இடம் உள்ளே வந்துவிடும். ஒரு சர்வருக்கு ஒரே வேலை, கெட்டால் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வரப்பே இல்லாததுதான் இதன் விலை. ஒரு சேகோ மில்லில் குச்சிக்கிழங்கு சீசன் நேரம். எடை மேடை முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. லோடு எடை, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) எல்லாம் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏறுகிறது. அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் ஏதோ பிழை தேட டீபக் லாகைத் திறந்துவிட்டு, மூட மறந்துவிட்டார். காலை பதினோரு மணிக்கு டிஸ்க் நிரம்பியது. போஸ்ட்கிரெஸுக்குத் தன் டிரான்ஸாக்‌ஷன் லாகை எழுத இடமில்லையென்றால் பேனிக் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும், படுத்துவிட்டது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று 5 சதவீத இடத்தை ஒதுக்கி வைக்கும் அல்லவா? அந்தப் புரோகிராம் ரூட் பெயரிலேயே ஓடியதால் அதையும் தின்றிருந்தது.

லாக் ஃபைலை அழித்தேன். மிச்ச இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை அப்போதும் நூறு சதவீதம் என்றே காட்டியது. ஃபைல் ஃபைலாகக் கூட்டும் 'டியூ' கட்டளை கொண்டு பார்த்தால் பாதி டிஸ்க் காலி. ஃபைலின் பெயர் போய்விட்டது, ஆனால் அந்தப் புரோகிராம் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. அது மூடும் வரை இடம் திரும்பாது. புரோகிராமை நிறுத்திக் கிளப்பிய பிறகுதான் இடம் வந்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். லாரி டிரைவர்கள் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. /வார்/லாக் மட்டும் தனியாக இருந்திருந்தால் அன்றைக்கு லாக் எழுதுவது நின்றிருக்கும், எடை போடுவது நின்றிருக்காது.

## அளந்து அளந்து பிரிக்கும் பழைய வழி

ரூட்டுக்கு இவ்வளவு, /வார்-க்கு இவ்வளவு, /ஹோம்-க்கு இவ்வளவு என்று டிஸ்க்கையே நேரடியாக வெட்டுவது. யூனிக்ஸ் பிறந்த காலத்திலிருந்து இருக்கும் பழக்கம். 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸின் பிடிபி-11 மெஷினில் சிஸ்டம் இருந்த டிஸ்க் நிரம்பியதும், மிச்சத்தைப் பயனாளர்களின் டிஸ்க்கான /யூஎஸ்ஆர்-க்கு நகர்த்தினார்கள். புரோகிராம்களுக்கு /பின் ஒன்று, /யூஎஸ்ஆர்/பின் ஒன்று என்று இரண்டு வந்த கதை அதுதான். இடம் போதாமல் செய்த ஏற்பாட்டை அடுத்த நாற்பது வருடம் இலக்கணமாகப் படித்தோம். ஃபெடோரா 2012-இல்தான் இரண்டையும் ஒன்றாக்கியது.

இந்த வழியின் நல்ல பக்கம், வரப்பு பலமானது. /டெம்ப்-ஐத் தனியாக வைத்து 'நோஎக்ஸெக்', 'நோசுயிட்' போட்டு மவுண்ட் செய்தால், அதாவது இணைத்தால், அங்கே வந்து விழும் கண்ட புரோகிராமும் நேரடியாக ஓடாது. இடையில் வேறு அடுக்கு எதுவும் இல்லாததால், டிஸ்க் கெட்டால் எந்த ரெஸ்க்யூ சிடியில் போட்டும் பார்க்கலாம்.

கெட்ட பக்கம், முதல் நாள் கணக்கு தப்பினால் தீர்ந்தது. நடுவில் மாட்டிய பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதைப் பெயர்த்துத் தள்ளி வைக்க வேண்டும். இளம்பிள்ளைக்காரர் சர்வரில் /ஹோம்-க்கு 400 ஜிபி, /வார்-க்கு 20. அவர் வேலை முழுக்க வெப் சர்வர். சேலைப் படங்களும் டேட்டாபேஸும் போய் உட்காருவது /வார்-இல். /ஹோம்-இல் ஒரு ஜிபிகூட இல்லை. யாரோ ஒருவர் படங்களை /ஹோம்-க்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழி) போட்டுக் கொடுத்திருக்கிறார். சைட் ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். இரவு ஓடும் ஆர்சிங்க் பேக்கப் மட்டும் /வார்-ஐத்தான் நகலெடுத்துக்கொண்டிருந்தது. ஆர்சிங்க் வழக்கமான கொடிகளோடு (ஆப்ஷன்களோடு) ஓடினால் லிங்கை லிங்காகத்தான் நகலெடுக்கும். ஏழு மாத பேக்கப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு லிங்க் இருக்கிறது, ஒரு சேலைப் படம்கூட இல்லை. நல்லவேளை, தேவைப்படுவதற்கு முன்பே பார்த்துவிட்டோம்.

ஒரே வேலையைப் பல வருடம் மாறாமல் செய்யப்போகும் மெஷினுக்கு, ஃபயர்வால் மாதிரி, இந்த வழி இன்னும் சரிதான். வளரும் வியாபாரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

## எல்விஎம்

எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) என்பது டிஸ்க்குக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவில் ஓர் அடுக்கு. டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாகப் பார்த்து, கேட்ட வால்யூமுக்கு (இங்கே பார்ட்டிஷனுக்கு அந்தப் பெயர்) கேட்ட அளவு துண்டைக் கொடுக்கும். துண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே வரப்பும் உண்டு, வரப்பை நகர்த்தவும் முடியும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளைக்கு 'ஆர்' கொடியைச் சேர்த்துக் கொடுத்தால் வால்யூமும் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே வளரும்.

இதில் பலர் செய்யும் தப்பு ஒன்றே ஒன்று: முதல் நாளே மொத்த இடத்தையும் பங்கு போட்டுவிடுவது. டெபியன் இன்ஸ்டாலர் எவ்வளவு இடத்தைப் பயன்படுத்தட்டும் என்று ஓர் எண்ணைக் காட்டிக் கேட்கும்; அது மொத்த அளவு. என்டர் தட்டினால் எல்லாம் போச்சு, அப்புறம் எல்விஎம் இருந்தும் பழைய வழி மாதிரிதான். உபுண்டு சர்வர் நேரெதிர். பெரிய டிஸ்க் என்றால் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மீதியைக் கைவசம் வைத்துக்கொள்ளும். "ஒரு டெராபைட் வாங்கினேன், 100 ஜிபிதான் காட்டுது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று வருடத்துக்கு இரண்டு பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். ஏமாற்றவில்லை, உபுண்டு செய்ததுதான் சரி.

மறைவான செலவுகள் உண்டு. இரண்டு டிஸ்க்கை, ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும் ஏற்பாடான ரெய்டு இல்லாமல் ஒரே குழுவில் சேர்த்தால், ஒன்று செத்தாலும் இரண்டிலும் பரவிக் கிடக்கும் வால்யூம் போய்விடும். ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நிலையை உறைய வைத்த படம், எடுக்கலாம், ஆனால் அது இருக்கும் வரை எழுதுவது மெதுவாகும், அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். பேக்கப் எடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, உடனே கலைத்துவிட வேண்டும். ரெஸ்க்யூ நேரத்தில் குழுவை எழுப்பும் கட்டளை தெரியாமல், டிஸ்க் காலி என்று பயந்தவர்களும் இருக்கிறார்கள். அதைச் சர்வர் பெட்டியிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

## இசட்எஃப்எஸ்

ஃபைல் சிஸ்டமும் எல்விஎம் செய்யும் வேலையும் ஒன்றாகவே சேர்ந்த ஏற்பாடு இது. இங்கே பார்ட்டிஷன் என்ற பேச்சே மாறிவிடுகிறது. டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பூல். அதிலிருந்து எத்தனை டேட்டாசெட் வேண்டுமானாலும். எல்லாம் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுக்கு மேல் கூடாது என்றோ இவ்வளவு கட்டாயம் என்றோ ஒரு வரியில் சொல்லிவிடலாம். வரப்பு வெறும் ஓர் எண். நினைத்த நேரத்தில் மாற்றலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் திறந்துவிட்டது. யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியில் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது, இன்ஸ்டாலரிலேயே வரும்.

இதன் பெரிய பலம் செக்சம், தரவு மாறிவிட்டதா என்று காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண். எழுதும்போது ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் போட்டு, படிக்கும்போது சரிபார்க்கும். டிஸ்க் சத்தமில்லாமல் ஒரு பிட்டைப் புரட்டிக் கொடுத்தால் எக்ஸ்ட்4 அதை அப்படியே உங்களிடம் நீட்டும். இசட்எஃப்எஸ் பிடித்துவிடும், மிரர் (இன்னொரு டிஸ்க்கில் அதே நகல்) இருந்தால் அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திருத்தியும் வைக்கும். ஒரே டிஸ்க் என்றால் தப்பு என்று சொல்லத்தான் முடியும், திருத்த முடியாது. பலர் இதை மறந்து ஒற்றை டிஸ்க்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

செலவு என்ன? ரேம். லினக்ஸில் வெகுகாலமாக அதன் கேச் பாதி ரேம் வரை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். 8 ஜிபி மெஷினில் டேட்டாபேஸும் ஓடினால் உச்சவரம்பு வைத்தாக வேண்டும். உரிமச் சிக்கலால் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்து வராது, தனி மாட்யூலாகத்தான் போட வேண்டும். கெர்னல் அப்டேட் ஆகி மாட்யூல் ஆகாமல் போன காலையில் உங்கள் டேட்டா பூலைக் காணோம் என்று நிற்க நேரலாம். டேட்டாபேஸுக்கு ரெக்கார்ட் அளவை 128 கேபியிலிருந்து குறைக்க வேண்டும். பூல் 80 சதவீதம் தாண்டினால் தடுமாறத் தொடங்கும். இன்னொன்று: இடம் போதவில்லை என்று பழைய ஃபைல்களை அழிப்பீர்கள், இடம் வராது, ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். சேகோ மில் லாக் கதைதான், வேறு வேடத்தில்.

## வால்யூமுக்குள் எந்த ஃபைல் சிஸ்டம்?

| | எக்ஸ்ட்4 | எக்ஸ்எஃப்எஸ் | பிடிஆர்எஃப்எஸ் | இசட்எஃப்எஸ் |
|---|---|---|---|---|
| ஓடும்போதே பெரிதாக்க | முடியும் | முடியும் | முடியும் | டிஸ்க் சேர்த்து |
| சுருக்க | அன்மவுண்ட் செய்தால் முடியும் | முடியாது என்றே வையுங்கள் | ஓடும்போதே முடியும் | பொதுவாக முடியாது |
| தரவுக்கே செக்சம் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| ஐநோடு எண்ணிக்கை | உருவாக்கும்போதே முடிவாகிவிடும் | தேவைக்கேற்ப | தேவைக்கேற்ப | தேவைக்கேற்ப |
| கவனிக்க வேண்டியது | 5% ஒதுக்கீடு | முதல் நாளே பெரிதாகக் கொடுக்காதீர்கள் | ரெய்டு 5, 6 வேண்டாம் | ரேம், தனி மாட்யூல் |

ஐநோடு வரியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு ஃபைலுக்கு ஒன்று என்று தேவைப்படும் பதிவுச் சீட்டு அது. 20 ஜிபி எக்ஸ்ட்4 என்றால் 16 கேபிக்கு ஒன்று வீதம் சுமார் 13 லட்சம் ஐநோடு. நான் பார்த்த ஒரு வெப் சர்வரில் பிஎச்பி செஷன் ஃபைல்களை யாரும் துடைக்கவே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கேபிகூட இருக்காது, பிடிக்கும் இடம் 4 கேபி. 13 லட்சம் ஃபைலும் சேர்ந்து 5 ஜிபி சொச்சம். 'டிஎஃப்' முக்கால்வாசி இடம் காலி என்கிறது, சர்வரோ இடமில்லை என்று அழுகிறது. 'டிஎஃப்' கட்டளையோடு 'ஐ' சேர்த்துப் பார்த்தபோதுதான் 100 சதவீதம் தெரிந்தது. சின்னச் சின்ன ஃபைல் கோடிக்கணக்கில் வரும் இடமென்றால் உருவாக்கும்போதே ஐநோடை அதிகமாகக் கேளுங்கள், இல்லையென்றால் எக்ஸ்எஃப்எஸ் போடுங்கள்.

மற்றபடி எக்ஸ்ட்4-ஐப் பற்றி ஒரே வரி: 2008-இலிருந்து இருக்கிறது, அது படாத அடி இல்லை, கெட்டால் எப்படித் திருத்துவது என்று ஊரில் நாலு பேருக்குத் தெரியும். 4 டெராபைட் டேட்டா வால்யூமில் 5 சதவீத ஒதுக்கீடு 200 ஜிபி என்பதால் அதை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். ரூட் வால்யூமில் குறைக்காதீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ் 1990களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் வீடியோ மாதிரிப் பெரிய ஃபைல்களை மனதில் வைத்துச் செய்தது. ரெட் ஹேட் 7 வந்த 2014 முதல் அங்கே அதுதான் இயல்பு. சிசிடிவி பதிவு, ஒரே நேரத்தில் பதினாறு கேமரா எழுதுவது, இதற்கெல்லாம் அதுதான். கரண்ட் போனால் ஃபைலில் வெறும் சுழியம் நிரம்பியிருக்கும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அதைச் சரிசெய்து வெகுநாள் ஆகிறது. சுருக்க முடியாது என்பது மட்டும் இன்றும் உண்மை. அதனால் எக்ஸ்எஃப்எஸ் வால்யூமைச் சின்னதாகத் தொடங்குங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் என் சொந்த லேப்டாப்பில் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. அடுத்தவர் சர்வரில் போட மாட்டேன். டேட்டாபேஸ் இருந்தால் காப்பி-ஆன்-ரைட்டை (பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறை) அணைக்கச் சொல்வார்கள், அணைத்தால் செக்சமும் போய்விடும். பிறகு எதற்கு அதை எடுத்தோம்?

## யாருக்கு எது

கிளவுடில் சின்ன மெஷின்: ஒரே பார்ட்டிஷன், எக்ஸ்ட்4. பழைய ஆவணம், கல்யாண ஆல்பம் என்று வருடக்கணக்கில் தொடாமல் கிடந்து பிற்பாடு பிழையில்லாமல் திறக்க வேண்டியவை: இரண்டு டிஸ்க் மிரரில் இசட்எஃப்எஸ், முடிந்தால் ஃப்ரீபிஎஸ்டியில், மாதம் ஒரு ஸ்க்ரப் (முழுச் சரிபார்ப்பு). மலை மேல் இருக்கும் சர்வர்: எவ்வளவு எளிமையாக முடியுமோ அவ்வளவு, எல்விஎம் மேல் எக்ஸ்ட்4, யுயுஐடி (மாறாத அடையாள எண்) கொண்டு மவுண்ட், ரூட் தவிர மற்ற எல்லா வரியிலும் 'நோஃபெயில்'. நோஃபெயிலுக்கும் ஒரு விலை உண்டு: டிஸ்க் வராவிட்டால் பேக்கப் வெறும் ஃபோல்டருக்குள், அதாவது ரூட்டிலேயே எழுதிவிடும். எழுதும் முன் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கட்டும்.

கொலுசு பட்டறைக்கு என்ன போட்டோம்? இரண்டு 1 டெராபைட் எஸ்எஸ்டி, மென்பொருள் ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே நகல். கம்ப்யூட்டர் கணக்கில் 931 ஜிபி. மெஷின் எழத் தேவையான இஎஃப்ஐக்கு 512 எம்பி, /பூட்-க்கு 1 ஜிபி, மீதி முழுக்க எல்விஎம். அதற்குள் ரூட் 40, /வார் 30, /வார்/லாக் 15, டேட்டாபேஸ் 150, டிசைன் படங்களுக்கு 200, ஸ்வாப் 8. ஸ்வாப் தவிர எல்லாம் எக்ஸ்ட்4. மதர்போர்டுக்கு ரெய்டு தெரியாது என்பதால் இஎஃப்ஐ பார்ட்டிஷனை இரண்டாவது டிஸ்க்கிலும் கையால் உருவாக்கி நகலெடுத்தோம். பிறகு முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு பூட் செய்யச் சொன்னேன். முதல் தடவை எழவில்லை. பூட் பட்டியலில் இரண்டாவது டிஸ்க்கைச் சேர்க்க மறந்திருந்தோம். அதைச் சேர்த்த பிறகு எழுந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ரெய்டு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

"மீதி 480 ஜிபி சும்மாவாண்ணா கெடக்கும்?" என்று தம்பி கேட்டார். காசு போட்டு வாங்கியது, மனசு கேட்கவில்லை. சும்மா கிடக்கட்டும் என்றேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம். புது கேமரா வாங்கி ஒவ்வொரு டிசைனையும் ஆறு கோணத்தில் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள், படங்களின் வால்யூம் 91 சதவீதம் காட்டியது. ஐந்து ரோட்டில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, போனிலிருந்தே உள்ளே நுழைந்து, 100 ஜிபி கூட்டினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. பட்டறையில் அப்போது எடையும் டச்சும் (வெள்ளியின் தரம்) பதிவாகிக்கொண்டே இருந்தன. சாயங்காலம் தம்பியிடம் சொன்னபோது, "எப்பண்ணா பண்ணீங்க?" என்றார்.